கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்

கேள்வி: சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஓர் உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பி.காம். படித்தவள், வயது 27. உறுப்பினர்களின் நெல்லைக் காயவைக்க ஓர் உலர்த்தி எந்திரமும் சிமெண்ட் களமும் அமைக்கக் கடன் கேட்டிருக்கிறோம். அடுத்த மாதம் பாளையங்கோட்டையில் வங்கி அதிகாரிகள், வேளாண் வணிகத் துறையினர் முன்னால் 15 நிமிடம் விளக்கிப் பேச வேண்டும். மேலாளர் என்னையே பேசச் சொல்லிவிட்டார். 22 ஸ்லைடு தயார் செய்திருக்கிறேன். போன வருடம் உறுப்பினர் கூட்டத்தில் ஆண்டறிக்கை வாசித்தபோதே கை நடுங்கி, நாக்கு ஒட்டிக்கொண்டு, பாதியில் உட்கார்ந்துவிட்டேன். என் பேச்சில் நெல்லை வாடை அதிகம் என்கிறார்கள். இங்கிலீஷில் பேசினால்தான் மதிப்பார்கள் என்றும் சொல்கிறார்கள். தன்னம்பிக்கையோடு பேச நான் என்ன செய்ய வேண்டும், ஐயா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய 22 ஸ்லைடுகளையும் பார்த்தேன். ஈரம் கூடுதலாக இருக்கிறது என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிய நெல்லைப் பற்றி 17-வது ஸ்லைடின் மூலையில் நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்த பிறகுதான் இந்த எந்திரம் உங்களுக்கு ஏன் வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. அதற்கு முன்னால் இருக்கிற பதினாறிலும் கம்பெனி தொடங்கிய நாள், பதிவு எண், இயக்குநர்களின் படங்கள், திறப்பு விழாவில் பொன்னாடை போர்த்திய படம், நோக்கம், குறிக்கோள் என்றே போகிறது. இவை எல்லாம் நீங்கள் கொடுத்த விண்ணப்பக் கோப்பில் ஏற்கெனவே இருக்கின்றன. அதிகாரிகள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு வருவார்கள்.

நடுக்கத்துக்கு வழி கேட்டால் ஸ்லைடைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒன்றோடு ஒன்று பின்னியவை. பதிவு எண்ணை வாசித்துக்கொண்டிருக்கும்போது மனதுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத மனது நம் கையைப் பார்க்கும், குரலைப் பார்க்கும், முன்வரிசையில் ஒருவர் செல்போனை எடுத்ததைப் பார்க்கும். அதே நீங்கள், எடை போடுகிற இடத்தில் மூட்டைக் கணக்கில் ஒன்று குறைந்தால் சும்மா இருப்பீர்களா? லோடுமேன், டிரைவர், அண்ணாச்சிமார் எல்லாரும் சுற்றி நிற்க, சத்தமாகச் சொல்லித்தான் இருப்பீர்கள். அப்போது கை நடுங்குகிறதா என்று யார் பார்த்தது? சொல்ல வேண்டிய விஷயம் முன்னால் நின்றால் நாம் பின்னால் போய்விடுவோம். ஆண்டறிக்கை அன்றைக்கு அது நடக்கவில்லை, ஏனென்றால் அதில் நீங்கள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. இந்த முறை கேட்கப் போகிறீர்கள். அதனால் தயாரிப்பை அங்கிருந்தே தொடங்குவோம்.

ஸ்லைடை எல்லாம் மூடிவைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். நான் பேசி முடித்ததும் அந்த அறையில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்? ‘கடன் கொடுக்க வேண்டும்’ என்று எழுதத்தான் கை போகும். ஆனால் எந்த வங்கி அதிகாரியும் கூட்ட அறையில் வைத்துக் கடனுக்குக் கையெழுத்துப் போடமாட்டார். அவரால் அன்றைக்கே செய்ய முடிந்தது எது என்று யோசியுங்கள். இடத்தைப் பார்க்க ஒரு தேதி கொடுக்கலாம். எந்தெந்தக் காகிதம் குறைகிறது என்று சொல்லலாம். கொடுக்கக்கூடியதைக் கேட்டால் கேட்கிற நமக்கும் கூச்சம் குறையும், கொடுக்கிறவருக்கும் எளிது.

அந்த வாக்கியம் பேச்சின் கடைசியில் வரக்கூடாது, முதலில் வர வேண்டும். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: “வணக்கம். நெல் உலர்த்தி ஒன்றும் சிமெண்ட் களம் ஒன்றும் அமைக்க எங்கள் கம்பெனி உங்களிடம் கடன் கேட்டிருக்கிறது. இடத்தைப் பார்வையிட இன்றைக்கு ஒரு தேதி கொடுத்தீர்கள் என்றால், அடுத்த கார் பருவ அறுவடைக்குள் எந்திரத்தை ஓடவிட்டுவிடலாம். இது ஏன் அவசியம், வாங்கிய பணத்தை எப்படித் திருப்பிக் கட்டுவோம், இந்த இரண்டை மட்டும் சொல்கிறேன்.”

அரை நிமிடம்கூட ஆகாது. ‘மேடையில் வீற்றிருக்கும்’ என்று ஆரம்பித்து ஒவ்வொருவர் பேரையும் பதவியையும் சொல்லி வணங்குகிற வழக்கம் உங்கள் 15 நிமிடத்தில் இரண்டைத் தின்றுவிடும். ஒரு வணக்கம் போதும், யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள்.

நம் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்திருப்பீர்கள். காப்புப் பாடி முடித்ததும் புலவர் என்ன செய்வார்? இன்றைக்கு எந்தக் கதை என்று சொல்லிவிடுவார். வருபொருளுரைத்தல் என்று அதற்குப் பேரே உண்டு. சுடலைமாடன் கதையை ஊரில் அத்தனை பேரும் அறிவார்கள், ஆனாலும் முதலில் அறிவித்துவிட்டுத்தான் உள்ளே போவார். எங்கே கூட்டிப்போகிறார் என்று தெரிந்தபிறகுதான் கூட்டம் சாவகாசமாக உட்கார்ந்து கேட்கும். அதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குப் பின்னால் வருகிற அவையடக்கத்தை மட்டும் கொடையோடு விட்டுவிடுங்கள். ‘எனக்குப் பேசிப் பழக்கமில்லை, ஏதாவது தப்பு இருந்தால் பொறுத்துக்கணும்’ என்று நம்மவர்கள் முக்கால்வாசிப் பேர் தொடங்குவார்கள். வில்லடிக்கிறவர் சொன்னால் அது அழகு, அவர் திறமை அடுத்த பாட்டிலேயே தெரிந்துவிடும். கடன் கேட்டு நிற்கிறவர் சொன்னால் தப்பு எங்கே இருக்கிறது என்று எதிரே இருப்பவர்கள் தேட ஆரம்பிப்பார்கள்.

சரி, நடுப்பகுதிக்கு வருவோம். உங்களிடம் கையில் எடுத்துக் காட்டக்கூடிய பொருள் இருக்கிறது. இது எல்லாருக்கும் வாய்க்காது. அரசுக் கொள்முதலில் நெல்லுக்கு ஈரப்பதம் 17 விழுக்காடு வரைதான் என்பது அந்த அறையில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் அறுவடை எந்திரம் கொட்டிய நெல் கையில் எப்படி இருக்கும் என்று எத்தனை பேர் தொட்டுப் பார்த்திருப்பார்கள்? இரண்டு பொட்டலம் கொண்டுபோங்கள். ஒன்றில் வயலிலிருந்து வந்த ஈர நெல், காற்றுப் புகாமல் நன்றாகக் கட்டியது. இன்னொன்றில் காய்ந்த நெல். கூடவே உங்கள் ஆபீசில் இருக்கிற ஈரப்பதமானி. அதிகாரி கண் முன்னாலேயே இரண்டையும் அளந்து எண்ணைக் காட்டுங்கள். முடிந்தால் ஆளுக்கு நாலு மணி கையில் கொடுத்து, “கடித்துப் பாருங்கள் சார், காய்ந்தது டக்கென்று உடையும், ஈரமானது பல்லில் நசுங்கும், எங்கள் அண்ணாச்சிமார் இப்படித்தான் பார்ப்பார்கள்” என்று சொல்லுங்கள். இதைச் செய்கிற இரண்டு நிமிடத்தில் உங்கள் கைக்கு ஒரு வேலை கிடைக்கும். எல்லாரும் உங்கள் முகத்தை விட்டுவிட்டு நெல்லைப் பார்ப்பார்கள். பயம் பாதி அங்கேயே இறங்கிவிடும்.

அதற்கு அடுத்து ஒரே ஒரு படம் காட்டுங்கள். ரோட்டோரத்தில் நெல்லைக் காயப்போட்டு, கார் அறுவடை முடிகிற சமயத்தில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ள, தார்ப்பாயை இழுத்து மூடுகிற படம் உங்கள் உறுப்பினர் யாருடைய போனிலாவது கண்டிப்பாக இருக்கும். அந்தப் படத்தின் மேல் எழுத்து எதுவும் வேண்டாம்.

அப்புறம் பணம். திருப்பிக் கட்டுகிற கணக்கை மூன்று வரியில் அடக்குங்கள்: குவிண்டாலுக்கு என்ன கூலி வாங்குவீர்கள், ஒரு பருவத்துக்கு எத்தனை குவிண்டால் வரும், செலவு போக என்ன மிஞ்சும். 19-வது ஸ்லைடில் நீங்கள் ஒட்டியிருக்கிற முழு எக்செல் பக்கத்தைத் திரையில் யாராலும் படிக்க முடியாது. அதைத் தாளில் அச்செடுத்துக் கையில் கொடுங்கள். வேளாண் உட்கட்டமைப்பு நிதித் திட்டத்தில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை உண்டு என்று நீங்கள் எழுதியிருப்பது சரிதான். அந்தச் சலுகையைச் சேர்த்தால் தவணை எவ்வளவு, சேர்க்காவிட்டால் எவ்வளவு என்று இரண்டையும் போட்டுக்காட்டுங்கள். சலுகை வந்தால்தான் கட்ட முடியும் என்கிற கணக்கை வங்கிக்காரர் நம்பமாட்டார்.

இப்படிப் பார்த்தால் உங்களுக்கு ஆறு ஸ்லைடுக்கு மேல் தேவைப்படாது. திரையில் இருக்கிற வரிகளையே வாய்விட்டு வாசிக்காதீர்கள். கண் படிக்கிற வேகத்துக்கு வாய் ஈடுகொடுக்காது. அவர்கள் படித்து முடித்து உங்களுக்காகக் காத்திருப்பார்கள், அல்லது படிக்கிறதா கேட்கிறதா என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிடுவார்கள். எழுத்து அளவு போதுமா என்று பார்க்க, லேப்டாப்பை மேசையில் வைத்து ஆறேழு அடி தள்ளி நின்று படித்துப் பாருங்கள். இன்னொன்றும் முக்கியம். உங்கள் ஸ்லைடில் பாதி யூனிகோடிலும் பாதி பழைய டிடிபி எழுத்துருவிலும் இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் அத்தனையும் புரியாத குறிகளாகிவிடும். முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றி, பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். நெல்லைக் காட்டுகிற நேரத்தில் திரை எரிந்துகொண்டிருக்க வேண்டாம். பவர்பாயிண்டில் பி (B) எழுத்தை அமுக்கினால் திரை கறுப்பாகும், மறுபடி அமுக்கினால் திரும்ப வரும்.

இனி அந்த நடுக்கம். பலர் முன்னால் எழுந்து நிற்கும்போது உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கும், வாய் உலரும், விரல் ஆடும். ஓடுவதற்கோ மோதுவதற்கோ உடம்பு தயாராகிற ஏற்பாடு இது, நோயல்ல. பெரும்பாலானவர்களுக்கு முதல் ஓரிரு நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், பேசப் பேசத் தானாக இறங்கும். நீங்கள் போன வருடம் உட்கார்ந்தது அநேகமாக அது இறங்கத் தொடங்குகிற இடத்தில்தான். இந்த முறை அந்த இரண்டு நிமிடத்தைத் தாண்டிவிட்டால் போதும். அதற்காகத்தான் முதல் நாலு வாக்கியத்தையும் முடிவில் கேட்கிற வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்கிறேன். மற்ற எதையும் மனப்பாடம் செய்யாதீர்கள். முழுசாக உருப்போட்டு வந்தவருக்கு நடுவில் ஒரு சொல் விட்டுப்போனால் பின்னால் இருக்கிற அத்தனையும் போய்விடும்.

நடுக்கத்தைப் பற்றி இன்னொரு செய்தியும் உங்களுக்கு உதவும். நம் படபடப்பு மற்றவர்களுக்கு அப்பட்டமாகத் தெரிகிறது என்று நாம் நினைக்கிறோம், உண்மையில் அந்த அளவுக்குத் தெரிவதில்லை. கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்து 2003-இல் எழுதினார்கள். உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரியாது என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள், சொல்லப்படாதவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். அதனால் இப்போது உங்களுக்கும் சொல்லிவிட்டேன். ஹார்வர்டில் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. பேசப்போகும் முன் ‘அமைதியாக இரு’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘ஆர்வமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் சிறப்பாகப் பேசினார்கள். அடிக்கிற நெஞ்சை நிறுத்துவது கஷ்டம், அதற்கு வேறு அர்த்தம் கொடுப்பது கொஞ்சம் சுலபம்.

உங்கள் முறை வருவதற்கு முன், நாற்காலியில் இருந்தபடியே மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக விடுங்கள். சில தடவை செய்தாலே இதயத்துடிப்பு தணியும். குறிப்பை மெல்லிய தாளில் எழுதாதீர்கள், சின்ன நடுக்கத்தையும் அது படபடவென்று காட்டிக்கொடுக்கும். உள்ளங்கை அளவு கெட்டி அட்டை நல்லது. லேசர் விளக்கும் வேண்டாம், அந்தச் சிவப்புப் புள்ளி சுவரில் ஆடுவதை எல்லாரும் பார்ப்பார்கள். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கத்துக்கு மாத்திரை இருக்கிறதாமே என்று யாராவது சொன்னால் டாக்டரைக் கேட்காமல் வாங்கிப் போட்டுவிடாதீர்கள், ஆஸ்துமா போன்ற தொல்லை உள்ளவர்களுக்கு அதில் சிலவகை ஆபத்தானவை.

ஒத்திகையை நான் மிகவும் வற்புறுத்துவேன். என் வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லாரும் ‘மனசுக்குள்ளே ஓட்டிப் பார்த்துட்டேன்’ என்பார்கள். மனதுக்குள் ஓட்டியதில் நாக்குக்குப் பயிற்சி கிடைப்பதில்லை. எழுந்து நின்று, வாய்விட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பேசுங்கள். 15 நிமிடம் கொடுத்திருந்தால் 12-இல் முடியும்படி வைத்துக்கொள்ளுங்கள், நெல்லை அளக்கிற இடத்தில் நேரம் நீளும். கண்ணாடி முன்னால் நின்று பேசச் சொல்கிறவர்கள் உண்டு. நான் சொல்லமாட்டேன். நம்மை நாமே பார்ப்பதை மறக்கத்தானே இத்தனை பாடும்? கம்பெனி கிட்டங்கியில் இரண்டு இயக்குநர்களை உட்காரவைத்து அவர்களிடம் பேசுங்கள். முடிந்ததும் ‘நல்லா இருக்கும்மா’ என்று சொல்லவிடாதீர்கள். “அண்ணாச்சி, நான் என்ன கேட்டேன்? அதைத் திருப்பிச் சொல்லுங்க” என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் பேச்சு சரி. தடுமாறினால் எந்த இடத்தில் விட்டார் என்று பார்த்து அங்கே திருத்துங்கள். இன்னொரு நாள் நடுவிலிருந்து தொடங்கிப் பேசிப் பாருங்கள், யாராவது குறுக்கே கேள்வி கேட்டாலும் திரும்பி வரப் பழகிவிடும்.

நெல்லை வாடையைப் பற்றிக் கவலையே வேண்டாம். அந்த ஏற்ற இறக்கத்தை அழுத்திவைத்துப் பேச முயன்றால் பாதிக் கவனம் அதிலேயே போய்விடும், பேச்சும் வாசிக்கிற மாதிரி தட்டையாகிவிடும். வெளியூர் அதிகாரிக்குத் தடங்கலாக இருக்கப்போவது உங்கள் ராகம் அல்ல, சில சொற்கள். கோட்டை, மரக்கால், விதைப்பாடு என்று நீங்கள் பேச்சுவாக்கில் சொல்வதை மட்டும் குவிண்டாலாகவும் ஏக்கராகவும் மாற்றிவிடுங்கள். பிசானம், கார் என்று பருவத்தைச் சொல்லும்போது கூடவே மாதத்தையும் சொல்லுங்கள். இங்கிலீஷ் விஷயத்தில், யார் யார் வருகிறார்கள் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். எல்லாருக்கும் தமிழ் தெரியும் என்றால் தமிழில்தான் பேச வேண்டும். தமிழ் தெரியாத ஒருவர் இருந்தால் தொடக்க வாக்கியங்களையும் கேட்கிற வாக்கியத்தையும் இங்கிலீஷில் தயார் செய்துகொண்டு, ஒருபக்கச் சுருக்கத்தை இங்கிலீஷில் அச்சடித்து அவர் கையில் கொடுங்கள். தெரிந்த விஷயத்தைத் தடுமாறுகிற மொழியில் சொல்லி, விஷயமே தெரியாதவர்போல நிற்பதில் யாருக்கும் லாபமில்லை.

அன்றைக்கு அரைமணி நேரம் முன்னால் போய், புரொஜக்டர் வயர் உங்கள் லேப்டாப்பில் மாட்டுகிறதா என்று பாருங்கள். மைக்கில் ஒரு வரி பேசிப் பாருங்கள். கரண்ட் போனால் அச்சடித்த தாளை வைத்தே பேச்சைத் தொடருங்கள். உடுத்திப் பழகிய சேலையோ சுடிதாரோ போதும், புதுசு வேண்டாம்.

கேள்வி நேரம்தான் உண்மையில் தீர்மானிக்கிற நேரம். அதற்கு ஸ்லைடைவிட அதிகமாகத் தயாராகுங்கள். உங்கள் விண்ணப்பத்தைப் பார்த்ததும் எனக்கே இரண்டு கேள்வி எழுந்தது. காய்ந்தால் எடை குறையுமே, உழவர்கள் ஒத்துக்கொள்வார்களா? 100 கிலோ நெல் 21 விழுக்காடு ஈரத்திலிருந்து 17-க்கு வந்தால் கிட்டத்தட்ட 95 கிலோதான் நிற்கும். இந்தக் கணக்கை அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிட்டு, அந்த ஐந்து கிலோவையும் உலர்த்துகிற கூலியையும் கழித்த பிறகும், கொள்முதல் நிலையத்தில் கிடைக்கிற விலை ஈர நெல்லுக்கு வியாபாரி கொடுக்கிற விலையைவிட எவ்வளவு கூடுதலாக நிற்கிறது என்று காட்டுங்கள். அடுத்தது, இரண்டு அறுவடைக் காலம் போக மற்ற மாதங்களில் எந்திரம் சும்மா கிடக்குமா? உளுந்தும் மக்காச்சோளமும் காயவைக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும், ஆனால் ஸ்லைடில் எங்கேயும் இல்லை. எந்த உறுப்பினர் எவ்வளவு கொண்டுவருவார் என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

கேள்வியை முழுசாகக் கேட்டு, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் பதில் சொல்லுங்கள். தெரியாததற்கு “அந்தக் கணக்கு இப்போது என்னிடம் இல்லை சார், நாளைக்குள் அனுப்புகிறேன்” என்பது முழுமையான பதில். ஊகித்து ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் அதுதான் அவர்கள் குறிப்பேட்டில் ஏறும். கேள்விகள் முடிந்ததும் நன்றியோடு நிறுத்திவிடாமல், “இடத்தைப் பார்க்க எந்த வாரம் வசதிப்படும், சார்?” என்று மறுபடியும் கேளுங்கள். தேதி சொன்னால் அவர் முன்னாலேயே அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். பேசிப் பார்க்கிறோம் என்றால் யாரிடம், எந்த நாளில் கேட்கலாம் என்று விசாரித்துக்கொண்டு வாருங்கள். அன்று சாயங்காலமே, சொல்லாமல் விட்ட கணக்கு, பார்வையிட வரவேண்டிய களத்தின் முகவரி, உங்கள் மேலாளரின் போன் எண், இந்த மூன்றையும் ஒரு சின்ன மெயிலில் அனுப்பிவிடுங்கள்.